கையேட்டைத் திறமூலத் திட்டத்துக்குக் கொடுக்கும்போது: எந்த உரிமம், ஏன்?

ஒரு மென்பொருளை நிறுவுவது, அமைப்பது, வழக்கமாக வரும் பிழைகளைச் சரிசெய்வது பற்றி நீங்கள் ஒரு கையேடு எழுதியிருக்கிறீர்கள். அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு அது பிடித்துப்போய், "இதை எங்கள் அதிகாரப்பூர்வ ஆவணத்தில் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்கள். சரி என்று சொல்ல ஒரு நொடி போதும். எந்த உரிமத்தில் கொடுப்பது என்பதற்குத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நிரலின் உரிமத்தை அலசி ஆராய்கிறவர்கள்கூட ஆவணம் என்று வந்தால் ரெப்போவில் (திட்டத்தின் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தில்) ஏற்கெனவே இருக்கும் உரிமக் கோப்பே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆவணம் ஓரிடத்தில் நிற்பதில்லை. அச்சுப் புத்தகமாகும், பயிற்சி வகுப்புக் குறிப்பாகும், மொழிபெயர்ப்பாகும், சில சமயம் நிரலுக்குள்ளேயே விளக்கக் குறிப்பாகவும் போய்ச் சேரும். ஒவ்வொரு இடத்திலும் உரிமம் கூடவே வரும்.

என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையேடு முழுக்க உங்களுடையது என்றால், திட்டத்தின் நிரல் எந்த உரிமத்தில் இருக்கிறதோ அது ஒன்று, படைப்புகளைப் பகிர்வதற்கான பொது உரிமங்களை வெளியிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் சிசி பிஒய் 4.0 ஒன்று என இரண்டையும் வைத்து, "எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம்" என்று கொடுங்கள். அதிலுள்ள மாதிரி நிரல்களை மட்டும் நிபந்தனை எதுவும் இல்லாமல் தனியாகக் கொடுங்கள். இது ஒத்துவராத இடங்களும் இருக்கின்றன, அவற்றையும் பார்ப்போம்.

கொடுப்பதற்கு அது உங்களுடையதா?

உரிமங்களை ஒப்பிடுவதற்கு முன்னால் இந்தக் கேள்வியை முடித்துவிட வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-வது பிரிவுப்படி, ஊழியர் ஒருவர் தன் வேலையின் பகுதியாக எழுதியதன் முதல் உரிமையாளர் முதலாளிதான், வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தாலொழிய. ஆகவே அலுவலகத் தேவைக்காக எழுதிய கையேட்டை நீங்களாக எடுத்துக் கொடுக்க முடியாது. மேலாளர் தேநீர் இடைவேளையில் தலையாட்டியது போதாது, மின்னஞ்சலிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ரீலான்ஸாக எழுதியிருந்தால், ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்துவிடாத வரை, பொதுவாக அது உங்களிடமே இருக்கும்.

அப்புறம், உதவியவர்கள். எழுத்துப்பிழை திருத்தியவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் ஒரு பகுதியை எழுதித் தந்தவர், வரைபடம் போட்டுத் தந்தவர், வேறு இயங்குதளத்துக்கான படிகளைச் சேர்த்தவர் எல்லோருக்கும் அந்தந்தப் பகுதியில் பதிப்புரிமை உண்டு. உரிமத்தை மாற்ற ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காதவர் எழுதியதை எடுத்துவிட்டு வேறு வார்த்தைகளில் புதிதாக எழுத வேண்டும்.

இது ஏட்டளவில் மட்டும் வரும் சிக்கல் இல்லை. 2011-இல் ஆரக்கிள் நிறுவனம் ஓப்பன்ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்தது. நிரலின் உரிமை ஆரக்கிளிடம் இருந்ததால் அதை அப்பாச்சி உரிமத்தில் தர முடிந்தது. பயனர் கையேடுகளை எழுதியவர்களோ தன்னார்வலர்கள். ஜிபிஎல் (மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்னும் குனூ பொது உரிமம்) அல்லது சிசி பிஒய் என்ற இரட்டை உரிமத்தில் அவற்றை வெளியிட்டிருந்தார்கள், பதிப்புரிமை அவர்கள் கையிலேயே இருந்தது. தன்னிடம் இல்லாத உரிமையை ஆரக்கிளால் எப்படிக் கொடுக்க முடியும்? மென்பொருள் ஒரு பக்கமும் அதன் கையேடு இன்னொரு பக்கமுமாக நின்றன.

லினக்ஸ் இயங்குதள வெளியீடுகளில் ஒன்றான ஃபெடோராவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அதன் ஆவணங்கள் ஓப்பன் பப்ளிகேஷன் உரிமத்தில் இருந்தன. 2009-இல் அவற்றை சிசி பிஒய்-எஸ்ஏ-வுக்கு (மாற்றி வெளியிட்டாலும் அதே உரிமத்தில் வெளியிடக் கோரும் சிசி உரிமத்துக்கு) மாற்றினார்கள். பங்களிப்பவர்கள் ஏற்கெனவே ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டிருந்தார்கள், அது மறு உரிமத்துக்கு இடம் கொடுத்தது. அதனால் ஒவ்வொருவர் வாசலிலும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.

அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லாத விக்கிப்பீடியா பட்ட பாடு தனி. அது ஜிஎஃப்டிஎல் எனப்படும் குனூ கட்டற்ற ஆவண உரிமத்தில் இருந்தது. லட்சக்கணக்கானவர்களிடம் கேட்டுச் சம்மதம் வாங்குவது நடக்காத காரியம். கடைசியில் அதை உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே 2008 நவம்பரில் அந்த உரிமத்தின் 1.3-வது பதிப்பை வெளியிட்டு, இதுபோன்ற பலர் கூடி எழுதும் தளங்கள் 2009 ஆகஸ்ட் 1-க்குள் சிசி பிஒய்-எஸ்ஏ 3.0-க்கு மாறிக்கொள்ளலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டது. பயனர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 2009 ஜூனில் விக்கிப்பீடியா மாறியது, தமிழ் விக்கிப்பீடியா உட்பட. உங்கள் கையேட்டுக்காக யாரும் அப்படி ஒரு வாசல் திறக்கப் போவதில்லை. எழுதியவர்கள் மூன்று பேராக இருக்கும்போதே, திட்டத்துக்குள் போவதற்கு முன்பே உரிமத்தைச் சரிசெய்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

நிரலின் உரிமத்திலேயே கொடுப்பது

எல்லாவற்றிலும் எளிய வழி இது. நிரல் எம்ஐடி (நிபந்தனைகள் மிகக் குறைந்த ஒரு மென்பொருள் உரிமம்) என்றால் ஆவணமும் எம்ஐடி, ஜிபிஎல் என்றால் இதுவும் ஜிபிஎல். ரஸ்ட் மொழியின் அதிகாரப்பூர்வப் பாடநூல் நிரலைப் போலவே எம்ஐடி, அப்பாச்சி என்ற இரட்டை உரிமத்தில் இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் ஆவணங்களும் பெரும்பாலும் நிரலோடு சேர்ந்து ஜிபிஎல் 2.0-இல்தான்.

இதன் பலம், நிரலுக்கும் ஆவணத்துக்கும் நடுவில் வேலி இல்லாமல் போவது. ஒரு செயற்கூறு என்ன செய்கிறது என்று நீங்கள் எழுதிய நான்கு வரியை டெவலப்பர் அப்படியே நிரலுக்குள் விளக்கக் குறிப்பாக வைக்கலாம். நிரலில் இருக்கும் குறிப்பிலிருந்து ஆவணப் பக்கம் தானாக உருவாகலாம். இன்றைய திட்டங்களில் இது அன்றாடம் நடக்கிறது. நிரலும் ஆவணமும் இப்படிக் கலக்கும் திட்டத்தில் வேறு உரிமம் வைப்பது வீண் தலைவலி.

குறை எங்கே வருகிறது என்றால், உரை திட்டத்தை விட்டு வெளியே போகும்போது. ஜிபிஎல்-இல் உள்ள கையேட்டை ஒரு கல்லூரி அச்சிட்டு மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உரிமத்தின் முழு வாசகமும் கூடவே போக வேண்டும். திருத்துவதற்கு ஏற்ற மூல வடிவமும், அதாவது மார்க்டவுன் கோப்புகளும், கிடைக்க வழி செய்ய வேண்டும். செய்ய முடியாத காரியம் இல்லைதான், ஆனால் ஒரு பேராசிரியர் "எதற்கு வம்பு" என்று விட்டுவிட இது போதும். எம்ஐடி அவ்வளவு கடினமில்லை. ஆனாலும் அதன் வாசகம் முழுக்க "மென்பொருள்" என்றே பேசுவதால், அச்சுப் புத்தகத்துக்கு அதை எப்படிப் பொருத்துவது என்ற குழப்பம் படிப்பவருக்கு வரும்.

சிசி பிஒய் 4.0

பெயரைச் சொல்லுங்கள், உரிமத்துக்கு இணைப்புக் கொடுங்கள், மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்லுங்கள். நிபந்தனைகள் சுருக்கமாக இவ்வளவுதான். சர்வர்களில் மென்பொருள்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸின் ஆவணங்கள் இதில்தான் இருக்கின்றன. அதன் தாய் அமைப்பான சிஎன்சிஎஃப், நிரலுக்கு அப்பாச்சி 2.0, ஆவணத்துக்கு சிசி பிஒய் 4.0 என்று தன் சாசனத்திலேயே பிரித்து வைத்திருக்கிறது. அங்கே கொடுப்பதானால் உங்களுக்குத் தேர்வே இல்லை, யோசிக்கும் வேலையும் மிச்சம்.

எழுதுகிறவர்களுக்கு இது நியாயமான உரிமம் என்று நான் நினைக்கிறேன். கையேடு எழுதுபவரின் பெயர் காணாமல் போவது மிக எளிது. நிரல் எழுதியவர் பெயர் கமிட் வரலாற்றில் (ஒவ்வொரு மாற்றத்தையும் யார் செய்தது என்ற பதிவில்) இருக்கும். உங்கள் பக்கமோ பத்து பேர் கைபட்டு, எங்கோ மொழிபெயர்க்கப்பட்டு, யார் எழுதியது என்றே தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதுதான் இந்த உரிமத்தின் மைய நிபந்தனை. ஜிபிஎல் நிரலோடு சேர்வதிலும் சிக்கல் இல்லை: சிசி பிஒய் 4.0 ஜிபிஎல்-இன் எல்லாப் பதிப்புகளோடும் பொருந்தும் என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையே சொல்லியிருக்கிறது.

குறை என்றால், இது நிரலுக்கான உரிமம் இல்லை. மென்பொருளுக்கு எங்கள் உரிமங்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று கிரியேட்டிவ் காமன்ஸே சொல்கிறது. ஆகவே மாதிரி நிரல்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

சிசி பிஒய்-எஸ்ஏ 4.0

மேலே சொன்னதோடு ஒரு நிபந்தனை கூடும்: மாற்றி வெளியிடுபவர் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். உங்கள் உழைப்பை எடுத்து ஒரு பதிப்பகம் மெருகேற்றி, பூட்டுப் போட்டு விற்பது உங்களுக்கு உறுத்தும் என்றால் இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் கொடுக்கப் போகும் திட்டம் எம்ஐடி அல்லது அப்பாச்சியில் இருந்தால், உங்கள் வரிகளை அவர்கள் நிரலுக்குள் கொண்டுபோக முடியாது. ஜிபிஎல் திட்டமாக இருந்தாலும் எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும். 2015 அக்டோபரில் சிசி பிஒய்-எஸ்ஏ 4.0-இலிருந்து ஜிபிஎல் 3-க்கு ஒருவழிப் பாதை திறந்தது. ஜிபிஎல் 2 மட்டும் என்று இருக்கும் லினக்ஸ் கெர்னல் போன்றவற்றுக்கு அந்தப் பாதை கிடையாது.

ஒரே ஒரு சூழலில் இதைத் தவிர வேறு வழியில்லை. கையேட்டில் விக்கிப்பீடியாவிலிருந்து பத்திகள் எடுத்துச் சேர்த்திருந்தால், அவை பிஒய்-எஸ்ஏ உரிமத்தில் இருப்பவை. அவற்றை நீங்கள் வெறும் பிஒய்-க்கு மாற்ற முடியாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து எடுத்த பதில்களுக்கும் இதே கதைதான். ஒன்று, முழுக் கையேட்டையும் எஸ்ஏ-வில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பத்திகளை எடுத்துவிட்டு உங்கள் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். நான்கு பத்திக்காக நாற்பது பக்கத்தின் உரிமம் முடிவாகக் கூடாது.

ஜிஎஃப்டிஎல், என்சி, என்டி

இவற்றில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஜிஎஃப்டிஎல் ஆவணத்துக்கென்றே 2000-இல் வந்த உரிமம். ஆனால் "இந்தப் பகுதியை யாரும் மாற்றக் கூடாது" என்று குறிக்க அது இடம் தருகிறது. 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டுத் திட்டம் வாக்கெடுத்து, அப்படி மாற்றக்கூடாத பகுதிகள் இருந்தால் அது கட்டற்றதல்ல என்று முடிவு செய்தது. குனூ திட்டத்தின் கொள்கை அறிக்கையை மாற்றக்கூடாத பகுதியாக வைத்திருந்த ஈமேக்ஸ் உரைத்தொகுப்பியின் கையேடே அங்கே கட்டற்றதல்லாத பிரிவுக்குப் போக வேண்டியதாயிற்று. போதாததற்கு ஜிபிஎல்-ஓடும் அது ஒத்துப்போகாது. குனூ திட்டம் ஒன்றுக்கே கொடுக்கிறீர்கள், அவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்றால் கொடுங்கள். மற்றபடி புதிதாக எடுக்க வேண்டாம்.

வணிகப் பயன்பாடு கூடாது எனும் என்சி, மாற்றக் கூடாது எனும் என்டி இரண்டும் வலைப்பதிவுகளில் அடிக்கடி கண்ணில் படுபவை. திறமூலத் திட்டங்கள் இவற்றை ஏற்பதில்லை. உங்கள் கையேடு இப்போது என்சி-யில் இருந்தாலும் பரவாயில்லை. உரிமையாளர் நீங்கள் என்பதால், அதே உரையை வேறு உரிமத்திலும் தாராளமாகக் கொடுக்கலாம். முன்பு கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

சிசி ஸீரோ, அப்புறம் மாதிரி நிரல்கள்

எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்துப் பொதுவுடைமையாக்குவது சிசி ஸீரோ. இந்தியச் சட்டத்தின் 21-வது பிரிவு, உரிமையைக் கைவிட விரும்புபவர் பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுத்தோ பொது அறிவிப்பு வழியாகவோ செய்யலாம் என்கிறது. ஒரு நாட்டில் கைவிடுதல் செல்லாது என்றாலும், அங்கே நிபந்தனையற்ற உரிமமாக நிற்கும்படி சிசி ஸீரோவின் வாசகம் அமைந்திருக்கிறது. ஆனால் முழுக் கையேட்டையும் இப்படிக் கொடுத்தால் உங்கள் பெயரைச் சொல்லும்படி யாரையும் கேட்க முடியாமல் போய்விடும். உழைத்து எழுதிய உரைநடைக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

மாதிரி நிரலுக்கு நிலைமை தலைகீழ். வாசகர் கையேட்டைத் திறப்பதே அந்தப் பன்னிரண்டு வரி யாமல் அமைப்புக் கோப்பை நகலெடுத்துத் தன் சர்வரில் ஒட்டத்தான். அவர் அங்கே உங்கள் பெயரையும் உரிம இணைப்பையும் எழுதி வைப்பாரா? மாட்டார். எழுத வேண்டும் என்று நாம் நிபந்தனை வைத்தால், நேர்மையான வாசகரைச் சங்கடப்படுத்துகிறோம், அவ்வளவுதான். எஸ்ஏ என்றால் இன்னும் மோசம்: அந்த வரிகளை நிறுவன மென்பொருளில் ஒட்டலாமா என்று சட்டத்துறையிடம் கேட்க வேண்டி வரும்.

பெரிய திட்டங்கள் இதை அனுபவத்தில் கண்டு சரிசெய்திருக்கின்றன. வலைத்தளம் உருவாக்குபவர்களுக்கான எம்டிஎன் ஆவணத் தளத்தில் உரைநடை பிஒய்-எஸ்ஏ, ஆனால் 2010 ஆகஸ்ட் 20 முதல் சேர்ந்த மாதிரி நிரல்கள் பொதுவுடைமை. லினக்ஸுக்கான மேசைத்தளச் சூழலை உருவாக்கும் நோம் திட்டம் தன் ஆவணங்களில், மாதிரி நிரலை எந்த நிபந்தனையும் இன்றி விரும்பிய உரிமத்தில் பயன்படுத்தலாம் என்று விதிவிலக்கு வாசகம் ஒன்றைச் சேர்த்தது. பைத்தான் 3.8.6 முதல் அதன் ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகள் நிபந்தனையே இல்லாத ஸீரோ கிளாஸ் பிஎஸ்டி (0BSD) உரிமத்திலும் கிடைக்கின்றன. இந்த மூன்றில் பைத்தானின் வழியை எடுக்கச் சொல்வேன். 2022-இல் ஃபெடோரா, காப்புரிமம் (பேட்டன்ட்) சார்ந்த உரிமைகளை சிசி ஸீரோ வெளிப்படையாக விலக்கி வைக்கிறது என்பதால், நிரலுக்கு அதை இனி ஏற்பதில்லை என்று அறிவித்தது. ஸீரோ கிளாஸ் பிஎஸ்டியில் அந்த வில்லங்கம் இல்லை, வாசகமும் சில வரிகள்தான்.

உரிமையையே எழுதிக் கொடுக்கச் சொன்னால்?

சில திட்டங்கள் உரிமத்தோடு நிற்காமல் பதிப்புரிமையையே மாற்றித் தரச் சொல்லும். சில, பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துக் கேட்கும். ஃபெடோரா கதையில் பார்த்தபடி இதில் திட்டத்துக்கு உண்மையான பலன் உண்டு: நாளை உரிமம் மாற வேண்டுமென்றால் தடங்கல் இல்லை. நாளை அந்த அமைப்பு எப்படி மாறும் என்பதுதான் நீங்கள் யோசிக்க வேண்டியது. லாப நோக்கற்ற அறக்கட்டளை என்றால் நான் கையெழுத்திடத் தயங்க மாட்டேன். தனி நிறுவனம் ஒன்று கேட்டால், உரிமம் மட்டும் தருகிறேன், உரிமை என்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிப் பார்ப்பேன்.

இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. நம் சட்டத்தின் 19-வது பிரிவின்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். 30ஏ பிரிவு இதே விதிகளைத் தேவையான மாற்றங்களோடு உரிமங்களுக்கும் நீட்டுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு உரிம வாசகங்களைப் படித்தால் வித்தியாசம் தெரியும். சிசி பிஒய் 4.0 உலகம் முழுவதற்கும், பதிப்புரிமை இருக்கும் காலம் முழுவதற்கும் என்று தெளிவாகச் சொல்கிறது. அப்பாச்சி 2.0-உம் அப்படியே. எம்ஐடி வாசகத்தில் காலமும் இல்லை, இடமும் இல்லை. எம்ஐடி-யில் மட்டும் கொடுப்பதைவிட சிசி பிஒய்-ஐயும் சேர்த்துக் கொடுப்பதை நான் விரும்புவதற்கு இது இன்னொரு காரணம்.

இரட்டை உரிமம் நடைமுறையில்

லிப்ரேஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் கையேடுகள் இப்படித்தான் வருகின்றன: ஜிபிஎல் 3 அல்லது அதற்குப் பிந்தையது, இல்லையென்றால் சிசி பிஒய் 4.0 அல்லது அதற்குப் பிந்தையது. பயிற்சி நிலையம் சிசி-யை எடுத்துக்கொள்ளும், நிரலில் சேர்ப்பவர் ஜிபிஎல்-ஐ எடுத்துக்கொள்வார். யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை.

லினக்ஸ் கெர்னலில் பிழைகளை எப்படித் தெரிவிப்பது என்று விளக்கும் ஆவணத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கோப்பின் முதல் வரியிலேயே ஜிபிஎல் 2.0 அல்லது பிந்தையது, அல்லது சிசி பிஒய் 4.0 என்று இருக்கிறது. கடைசியில் ஒரு குறிப்பு: சிசி-யில் எடுப்பவர்கள் ஆசிரியர் என்ற இடத்தில் "லினக்ஸ் கெர்னல் டெவலப்பர்கள்" என்று போட்டு, மூலக் கோப்புக்கு இணைப்புத் தர வேண்டும். கூடவே ஒரு எச்சரிக்கை: இந்த உரிமம் மூலக் கோப்பில் உள்ள உரைக்கு மட்டும்தான். அதிலிருந்து உருவாகும் வலைப்பக்கத்தில் வேறு கோப்புகளின் உரையும் கலந்து வரலாம், அவை கடுமையான உரிமத்தில் இருக்கலாம். இதை எழுதியவர் எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள். உங்கள் திட்டத்திலும் வேறு கோப்பை இழுத்துச் சேர்க்கும் வசதி இருந்தால் இப்படி ஒரு வரி போடுவது நல்லது.

இரட்டை உரிமத்தில் ஒரு பலவீனம் உண்டு. பின்னால் திருத்தம் அனுப்புபவர்களும் இரண்டு உரிமத்திலும் கொடுத்தால்தான் அது நிலைக்கும். யாரோ ஒருவர் ஜிபிஎல்-இல் மட்டும் இருக்கும் பத்தியைக் கொண்டுவந்து சேர்த்தால், அன்றோடு அந்தக் கோப்பின் சிசி பாதி போயிற்று. ஆகவே உரிமக் குறிப்பை ரெப்போவின் ஏதோ மூலையில் வைக்காமல் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் எழுத வேண்டும். கெர்னல் போன்ற திட்டங்களில் ஒவ்வொரு கமிட்டிலும் இடும் ஒப்புதல் வரி, "கோப்பில் குறிப்பிட்ட உரிமத்தில் இதைத் தருகிறேன், தர எனக்கு உரிமை இருக்கிறது" என்ற உறுதிமொழிதான். கோப்பில் ஒன்றும் குறிப்பிடவில்லை என்றால் அந்த உறுதிமொழி எதைத் தாங்கி நிற்கும்? பராமரிப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ள முடியாத சிறு குழு என்றால், இரட்டையை விட்டுவிட்டு நிரலின் உரிமத்திலேயே கொடுத்துவிடுங்கள். கவனிக்க ஆளில்லாத இரட்டை உரிமத்தைவிட, ஒழுங்காக நிற்கும் ஒற்றை உரிமம் மேல்.

முடிவு செய்தபின், சம்மத மின்னஞ்சல்களைப் புல் ரிக்வெஸ்டிலேயே (கையேட்டைச் சேர்க்கும்படி திட்டத்துக்கு அனுப்பும் கோரிக்கையிலேயே) ஒட்டிவிடுங்கள். தனி இன்பாக்ஸில் கிடப்பது பிற்பாடு யாருக்கும் பயன்படாது. முதல் கமிட் உங்கள் பெயரில் போகட்டும். ஸ்கிரீன்ஷாட்டுகளில் வேறு நிறுவனங்களின் சின்னமோ படமோ இருந்தால் வெட்டிவிட்டுக் கொடுங்கள், அவற்றுக்கு நீங்கள் உரிமம் தர முடியாது. வலைப்பதிவில் இருக்கும் பழைய பிரதியை அழிக்க வேண்டியதில்லை. அதன் மேலே புதிய உரிமத்தையும் திட்டத்துக்கான இணைப்பையும் ஒரு வரியில் எழுதினால் போதும். உங்கள் கையேட்டை இதற்கு முன்பே யாராவது தமிழிலோ வேறு மொழியிலோ பெயர்த்திருந்தால், அந்த மொழிபெயர்ப்பில் அவருக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. அதையும் சேர்த்துக் கொடுக்க நினைத்தால் அவரிடமும் எழுதி வாங்க வேண்டும்.